பாடிப் போறவன் ஹீரோ, பிடிக்கிறவன் யாரு?

கேள்வி இது: "தமிழில் வந்த விளையாட்டுப் படங்களில் ஆட்டத்தை உருப்படியாகக் காட்டியவை எவை? நம்ம ஊர் அணிகளின் நிஜ ஆட்டத்தைப் பார்க்கும்போது படத்தில் பார்த்தது ஏன் ஒட்டவே மாட்டேன் என்கிறது?"

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். நம் சினிமாவுக்குப் பிடித்தது ரெய்டர், அதாவது கபடியில் எதிரணிக் களத்துக்குள் பாடிக்கொண்டே போகிறவர். நம் அணிகள் ஜெயித்ததெல்லாம் பெரும்பாலும் வருகிற ரெய்டரை மடக்கும் பிடிகாரர்களால். கபடியில் மட்டுமில்லை, கிரிக்கெட், கால்பந்து எல்லாவற்றிலும் இதே கதைதான். படத்தில் கடைசி ரெய்டு, கடைசி பந்து, கடைசி நிமிட கோல். மைதானத்தில் அந்தக் கடைசிக் கட்டம் வரை ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்தவனுக்குப் பெரும்பாலும் க்ளோசப் கிடைப்பதில்லை.

கபடியிலிருந்து தொடங்குவோம். அதில்தான் இது பளிச்சென்று தெரியும்.

ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன் (ரெய்டர் தாண்டியே ஆகவேண்டிய கோடு), அங்கிருந்து இன்னும் 1 மீட்டர் தள்ளி போனஸ் லைன் (தாண்டிக் கால் வைத்தால் கூடுதல் புள்ளி தரும் கோடு). ரெய்டருக்கு 30 நொடி. எதிரே 7 பேர்: இரண்டு ஓரத்திலும் கார்னர், உள்ளே கவர், நடுவில் மீதிப் பேர். ரெய்டர் போனஸுக்காகக் காலை நீட்டும் அந்த அரை நொடியில்தான் கார்னர் கணுக்காலைப் பிடிக்கப் பாய்வார். சீக்கிரம் பாய்ந்தால் ரெய்டர் தாண்டிக் குதித்துவிடுவார். தாமதித்தால் அவர் உடல் எடை ஏற்கெனவே நடுக்கோட்டுப் பக்கம் சாய்ந்திருக்கும், பிடித்த கை வழுக்கும். சரியான நேரத்தில் பிடித்தாலும் கார்னர் தனியாக ஒன்றும் செய்ய முடியாது; பக்கத்துக் கவர் அதே மூச்சில் வந்து இடுப்பில் மோதி வெளியே தள்ளவேண்டும், அல்லது திரும்பும் வழியை மறிக்கவேண்டும். கவர் ஒரு நொடி தாமதித்தால் கார்னரை இழுத்துக்கொண்டே ரெய்டர் கோட்டைத் தொடுவார். முந்திக்கொண்டால் ஒன்றுக்குப் பதில் இரண்டு பேர் அவுட். டிவியில் "சூப்பர் ரெய்டு" (ஒரே ரெய்டில் மூன்று புள்ளியோ அதற்கு மேலோ) என்று கத்துவதில் பாதி, உண்மையில் கவர் சொதப்பியதுதான்.

இதைப் படமாக எடுப்பது லேசில்லை, ஒப்புக்கொள்கிறேன். ரெய்டருக்கு 30 நொடி கிடைக்கிறது. முகம், மூச்சு, வியர்வை, பாட்டு எல்லாம் காட்டலாம். பிடி என்பது ஒரு நொடியில் முடிந்துபோகும் வேலை, அதுவும் மூன்று பேர் சேர்ந்து செய்வது. ஸ்லோ மோஷனில் போட்டாலும் யார் ஹீரோ என்று சொல்ல முடியாது. அதனால் கேமரா பாடிப் போகிறவன் பின்னாலேயே போகிறது.

'கில்லி' (2004) இதற்குச் சரியான உதாரணம். அதில் கபடி ஊறுகாய், சாப்பாடு வேறு. வேலு ரெய்டு போவான், வருவான், விசில் பறக்கும். 2024-இல் மறுபடி திரையிட்டபோதும் அதே விசில்தான். பொழுதுபோக்காக அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதைப் பார்த்துக் கபடி கற்றுக்கொள்ள நினைப்பது, பரோட்டா காமெடியைப் பார்த்து மாவு பிசையக் கற்றுக்கொள்வது மாதிரி.

பரோட்டா என்றதும் 'வெண்ணிலா கபடி குழு' (2009) வந்துவிட்டது. சூரிக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த அந்தக் காட்சியைத் தள்ளி வைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். சுசீந்திரன் அதில் செய்த நல்ல காரியம், அணி என்றால் ஒருவன் இல்லை என்று காட்டியது. தோற்றுக்கொண்டே இருக்கும் ஊர் அணி. ஒவ்வொருவனுக்கும் ஒரு பிழைப்பு, ஒரு வீடு, ஒரு குறை. கிஷோர் நடித்த பயிற்சியாளர் வந்தபிறகு மாறுவது ஒருவனின் வீரம் இல்லை, எல்லோரும் சேர்ந்து நகரும் விதம். மைதானக் காட்சிகளில் கொஞ்சம் மிகை உண்டு. ஆனாலும் தமிழில் கபடியைக் கூட்டு வேலையாகப் பார்த்த படம் என்றால் என் கணக்கில் இதுதான் முதலிடம்.

'பைசன் காளமாடன்' (2025) வேறு ரகம். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்த மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவியது. மாரி செல்வராஜின் அக்கறை களத்துக்கு உள்ளே இருப்பதைவிடக் களத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது: யார் உன்னை ஆடவிடுகிறார்கள், எந்த ஊர்ப்பகை பஸ் ஸ்டாப்பில் உனக்காகக் காத்திருக்கிறது, தேர்வுக் குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள். தென் மாவட்டக் கபடிக்கு இது நேர்மையான சித்திரம். பிடியின் நுணுக்கம் தேடிப் போகிறவர்களுக்குக் குறைவாகத்தான் கிடைக்கும். அதற்காகப் படத்தைக் குறை சொல்வதும் நியாயமில்லை.

இப்போது நிஜ அணிக்கு வருவோம். தமிழ் தலைவாஸ் 2017-இல் புரோ கபடி லீக்குக்கு வந்தது. சினிமாக்காரர்கள் விளம்பரத் தூதர்கள், ஜெர்சி அழகு, பாட்டு பிரமாதம். 2019-இல் ராகுல் சௌத்ரி, அஜய் தாகூர் என்று இரண்டு பெரிய ரெய்டர்கள் ஒரே அணியில். முடிவு? 12 அணிகளில் 12-ஆவது இடம். 2022-இல் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தார்கள், அதுவரை லீக்கில் யாருக்கும் கொடுக்காத விலை. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்கால் போயிற்று. வேடிக்கை என்னவென்றால் ரெய்டில் இல்லை, எதிரணிக்காரரைப் பிடிக்கப் போன இடத்தில். சினிமா என்றால் அங்கே இடைவேளை விட்டு, இரண்டாம் பாதியில் ஹீரோ கட்டோடு திரும்பி வருவார். நிஜத்தில் பவன் அந்த சீசனில் திரும்பவே இல்லை. அணி முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது அந்த சீசனில்தான்.

எப்படி? நரேந்தர் என்ற புதுப் பையன் 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தார், அதை மறைக்கக் கூடாது. ஆனால் அவர் பயமில்லாமல் ஆட முடிந்ததற்குக் காரணம் பின்னால் இருந்த இரண்டு கார்னர்கள்: வலப்பக்கம் சாகர் ராட்டீ, இடப்பக்கம் சாஹில் குலியா. ரெய்டர் அவுட்டாகி வெளியே உட்கார்ந்தால், அணி எதிராளியைப் பிடித்தால்தான் அல்லது தொட்டு வந்தால்தான் அவர் உள்ளே திரும்புவார். போனஸ் புள்ளிக்கு யாரும் உயிர் பெறமாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆக, பிடி நன்றாக இருக்கும் அணியின் ரெய்டர் பெஞ்சில் உட்காரும் நேரம் குறைவு. அவருடைய புள்ளிக் கணக்கில் கார்னரின் உழைப்பும் சேர்ந்துதான் இருக்கிறது.

இந்த அணியில் தமிழ்நாட்டுப் பையன்கள் எத்தனை பேர் என்ற புகார் வருடா வருடம் எழுகிறது. அதில் நியாயம் இருக்கிறது. பிரபஞ்சன் மாதிரி ஒன்றிரண்டு பேர் வந்து போனார்கள். ஆனால் புகார் சொல்கிறவர்களும் "நம்ம ஊர் ரெய்டர் வேண்டும்" என்றுதான் கேட்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தர்மராஜ் சேரலாதன் 2016-இல் பாட்னா அணிக்குத் தலைமை ஏற்றுக் கோப்பை வாங்கினார், அதே ஆண்டு உலகக்கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார், நாற்பது வயதைத் தாண்டியும் புரோ கபடியில் கார்னரில் நின்றார். அவரைப் பற்றிப் படம் எங்கே?

கபடியை விடுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. எந்தப் படமும் இதைக் காட்டியதில்லை. நேரில் பார்க்கும்போது இதைத் தெரிந்துகொண்டால் ஆட்டமே மாறிவிடும். ஆளுக்கொரு ரெய்டு என்று மாறி மாறிப் போவதால், 30 நொடியையும் முழுசாகத் தின்றால் கடைசி 2 நிமிடத்தில் மொத்தம் 4 ரெய்டுதான், அணிக்கு 2. தொடர்ந்து இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பலாம். மூன்றாவது 'டூ ஆர் டை', புள்ளி எடுக்காவிட்டால் அவுட். எனவே முன்னிலையில் இருக்கும் அணி, கடைசி 2 நிமிடத்துக்குள் நுழையும்போது அந்த வெற்று ரெய்டுக் கணக்கு பூஜ்யத்தில் இருக்குமாறு முன்கூட்டியே பார்த்துக்கொள்ளும். அப்புறம் பாக் லைனைத் தாண்டி வந்து, நேரத்தைக் கரைத்து, திரும்பிப் போகும். பின்தங்கிய அணி பத்து நொடியில் ரெய்டை முடித்து அவசரப்படுத்தும். அந்த அவசரத்தில்தான் தப்பு நடக்கும். பார்க்க மந்தமாக இருக்கும், உள்ளே கழுத்தைப் பிடிக்கும். இன்னொன்று: களத்தில் 3 பேரோ குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் ஒரு புள்ளி கூடுதல். அதனால் ஆள் குறைந்த அணி பாவம் என்று நினைக்காதீர்கள். நல்ல கார்னர்கள் இருக்கும் அணி அந்த நிலையில்தான் ஆட்டத்தைத் திருப்பும்.

கிரிக்கெட்டுக்கு வந்தால் சினிமாவின் பிடிவாதம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. 'சென்னை 600028' (2007) ஆட்டத்தைவிட ஆடுகிறவர்களைப் பற்றியது. சின்னப் பையன்களிடம் தோற்கிற அவமானத்தை அவ்வளவு சரியாக வேறு யாரும் எடுக்கவில்லை. கட்டைப் பேட்டோடு இரண்டு தெரு தள்ளி ஆடப் போன எல்லோருக்கும் தெரிந்த வலி அது. 'ஜீவா' (2014) தேர்வு அரசியலைத் தொட்டது. அதில் ஒரு சின்ன வேடத்தில் வந்த வருண் சக்கரவர்த்தி பிறகு டிஎன்பிஎல்லில் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) மதுரை பேந்தர்ஸுக்குச் சுழற்றி, அங்கிருந்து இந்திய அணிவரை போனது திரைக்கதையில் எழுதினால் நம்பமாட்டோம். 'கனா' (2018) நாயகியை ஆஃப் ஸ்பின்னராக வைத்தது என்பதே எனக்குப் பெரிய விஷயம். கடைசியில் சிக்ஸர் அடிக்கிறவளாக எழுதியிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். பந்துவீச்சைக் கையில் எடுத்தார் அருண்ராஜா காமராஜ்.

'லப்பர் பந்து' (2024) இவற்றில் தனி. ஒரு பேட்ஸ்மேனின் பலவீனம் எது என்று பந்துவீச்சாளர் வாய்விட்டது பகையாக முளைப்பது, உள்ளூர் கிரிக்கெட்டின் நிஜமான இயக்கம். ரப்பர் பந்தில் தையல் கிடையாது. கட்டாந்தரையில் நடுவில் குத்தினால் தோளுக்கு எழும்பும், அடிக்கிறவனுக்குக் கொண்டாட்டம். அதனால் அங்கே பிழைக்கும் பந்துவீச்சாளருக்கு இரண்டே ஆயுதம்: காலடியில் இறக்குவது, வேகத்தைக் கழற்றி அதே கை வீச்சில் மெதுவாக விடுவது. மூன்றாவது ஆயுதம் எதிராளியைப் பற்றிய தகவல். யாருக்கு எந்தப் பக்கம் கை வராது என்பது சுற்றுவட்டாரத்தில் எல்லா டீமுக்கும் தெரியும். அந்தத் தகவலின் மதிப்பைப் புரிந்துகொண்ட படம் இது. தினேஷ் நடித்த 'கெத்து' என்ற பாத்திரம் மட்டையைப் பிடிக்கும் விதம், ஊர் அவரைப் பார்க்கும் விதம், இரண்டும் நிஜம்.

நிஜ அணிகளில் இந்தப் பார்வைக் கோளாறுக்கு ஒரே ஒரு ஆட்டம் போதும் சாட்சி சொல்ல: 2021 நவம்பர், டெல்லி, மாநில அணிகள் ஆடும் 20 ஓவர் சையத் முஷ்டாக் அலி கோப்பை இறுதிப்போட்டி, தமிழ்நாடு எதிர் கர்நாடகா. கடைசி பந்தில் 5 வேண்டும், ஷாருக் கான் சிக்ஸ். பெயர் வேறு ஷாருக் கான். இதற்கு மேல் சினிமாவுக்கு என்ன வேண்டும்? ஆனால் ஸ்கோர் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கர்நாடகா 20 ஓவரில் 151-இல் நின்றது. இடக்கைச் சுழல் சாய் கிஷோர் 4 ஓவர் வீசி 12 ரன் கொடுத்து 3 விக்கெட். அந்த 4 ஓவரும் சாதாரணமாக 30 ரன்னுக்குப் போயிருந்தால் இலக்கு 170. கடைசி பந்து சிக்ஸ் வெறும் ஆறுதலாகியிருக்கும். அந்த 12 ரன்னை யாரும் ரிங்டோனாக வைத்துக்கொள்ளவில்லை.

சென்னை சூப்பர் கிங்ஸ் விஷயத்தில் இது இன்னும் பெரிய அளவில். ஐந்து கோப்பைகள்: 2010, 2011, 2018, 2021, 2023. 2023 அகமதாபாத் இறுதிப்போட்டி என்றால் மோகித் சர்மாவின் கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா அடித்த சிக்ஸும் ஃபோரும்தான் எல்லோருக்கும். அதே ஜடேஜா பந்துவீசி, தோனி கண்ணிமைக்கும் நேரத்தில் ஸ்டம்பிங் செய்து குஜராத்தின் சுப்மன் கில்லை 39-இல் அனுப்பியதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த சீசனில் 890 ரன் குவித்தவர் அவர். நின்றிருந்தால் இரவு வேறு மாதிரி முடிந்திருக்கும். (அதையும் மீறி குஜராத்துக்கு 96 அடித்துச் சென்னையை அழவைத்தது யார்? நம்ம சென்னைப் பையன் சாய் சுதர்சன். மஞ்சள் சட்டைக்காரர்களுக்கு அன்றைக்குக் கைதட்டவும் முடியவில்லை, தட்டாமலும் இருக்க முடியவில்லை.)

சேப்பாக்கத்தில் அணி வருஷக்கணக்காக ஜெயித்த முறை சலிப்பூட்டும் அளவுக்கு ஒரே மாதிரி: 160, 170 எடு, 7-ஆவது ஓவரிலிருந்து 15-ஆவது ஓவர் வரை சுழலை வைத்துக் கழுத்தை நெரி, எதிராளி கடைசி ஐந்தில் 60-க்கு மேல் தேடும்படி விடு. 2019-இல் இம்ரான் தாஹிர் 26 விக்கெட் எடுத்தது இந்த முறையில்தான். 2025-இல் அந்த நெரிப்பு கைவிட்டுப் போயிற்று. 2008-க்குப் பிறகு முதன்முறையாகப் பெங்களூரு இங்கே வந்து ஜெயித்தது, அதுவும் 50 ரன்னில். சென்னை முதன்முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது. அப்போதும் நம் ஆட்கள் "தோனி எத்தனாவதாக இறங்கவேண்டும்" என்றுதான் சண்டை போட்டார்கள். நடு ஓவரில் சொந்த மண்ணின் பிடி தளர்ந்தது பற்றிப் பேசியவர் குறைவு.

கால்பந்தில் 'பிகில்' (2019) பற்றி ஒரு வரி போதும்: பெண்கள் கால்பந்தைப் பெரிய திரைக்குக் கொண்டுவந்ததற்கு நன்றி, மற்றபடி பந்து இருக்கும் இடத்தில் மட்டும்தான் ஆட்டம் நடக்கிறது என்று அது நம்புகிறது. படம் வந்த அதே 2019-இல் மதுரையின் சேது எஃப்சி இந்திய மகளிர் லீக்கை வென்றது. எத்தனை பேருக்குத் தெரியும்? ஆண்கள் பக்கம், 2018 மார்ச்சில் பெங்களூரு மண்ணில் பெங்களூரு அணிக்கு எதிராக நடந்த ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) இறுதிப்போட்டியைத் தேடிப் பாருங்கள். பெங்களூருவின் சுனில் சேத்ரி 9-ஆவது நிமிடத்திலேயே அடித்துவிட்டார். சென்னையின் எஃப்சி 3-2 என்று ஜெயித்தது. அதில் இரண்டு கோல் மைல்சன் ஆல்வெஸ் என்ற நடுத் தடுப்பாட்டக்காரர் கார்னர் கிக்கில் தலையால் போட்டது. நடுக்களத்தில் ஓடியவர்களில் வியாசர்பாடி தனபால் கணேஷும் ஒருவர். அடுத்த வருடம் கோவையில் சென்னை சிட்டி எஃப்சி ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஐ-லீக் என்ற இன்னொரு தேசியக் கால்பந்து லீக்கை வென்றபோதும் இதே கூத்து: சீசன் முழுக்க பெட்ரோ மான்சி கோல் மழை, கடைசி ஆட்டத்தில் காப்பாற்றிய இரண்டு கோல் கௌரவ் போரா என்ற தடுப்பாட்டக்காரருடையது.

அப்படியானால் முழுசாக ஒட்டுகிற படம் எது? குத்துச்சண்டைப் படங்கள். காரணம் எளிது: வளையத்துக்குள் அடிக்கிறவனும் தடுக்கிறவனும் ஒரே உடம்பு. கேமரா ஹீரோவை விட்டு விலகாமலே தற்காப்பையும் காட்டிவிடலாம். 'சார்பட்டா பரம்பரை'யில் (2021) டான்சிங் ரோஸ் ஏன் எல்லோர் மனதிலும் உட்கார்ந்தான்? அவன் குத்தினதால் இல்லை, குத்து வாங்காததால். காலை மாற்றி, இடுப்பை வளைத்து, கையைத் தொங்கவிட்டு எதிராளியைக் காற்றில் குத்தவைக்கிறான். ரங்கன் வாத்தியார் கத்துவதையும் காது கொடுத்துக் கேளுங்கள். பாதி, எங்கே நிற்கவேண்டும் என்பதைப் பற்றியதுதான். 'இறுதிச்சுற்று' (2016) படத்தில் ரித்திகா சிங் நிஜமாகவே சண்டைக்களத்தில் இருந்து வந்தவர் என்பது அவர் கைகளைத் தாடைக்கு உயர்த்தும் முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். நடிக்கக் கற்றவர் குத்துவார். குத்து வாங்கிப் பழகியவர் முதலில் தாடையை மூடுவார்.

இனி ஒரு படம் வந்தால் அது தேறுமா என்று அரைமணி நேரத்தில் கண்டுபிடிக்க எனக்கு மூன்று சங்கதி போதும். ஸ்கோர் பலகை காட்டும் எண்ணுக்கும் களத்தில் அவர்கள் எடுக்கும் முடிவுக்கும் சம்பந்தம் இருக்கிறதா? பிடிக்கிறவன், தடுக்கிறவன், நடு ஓவர் போடுகிறவன், இவர்களில் ஒருவனுக்காவது பெயரும் வசனமும் உண்டா? இடைவேளையில் பயிற்சியாளர் வீர உரை மட்டும் பேசுகிறாரா, அல்லது "நீ அரை அடி உள்ளே நில்லு" என்று எதையாவது மாற்றுகிறாரா? இரண்டாவது ஒன்றுக்கு மட்டும் ஆமாம் என்றாலும் டிக்கெட் காசு வீணில்லை.

பார்க்கும் வரிசை கேட்டால்: முதலில் 'சார்பட்டா', அப்புறம் 'லப்பர் பந்து', 'வெண்ணிலா கபடி குழு', 'கனா'. 'கில்லி'யை எப்போது வேண்டுமானாலும், கூட்டத்தோடு. நிஜ ஆட்டத்தில் பழக வேண்டுமென்றால் கபடிக்குப் போகும்போது பக்கவாட்டு இருக்கையை விட்டு, எண்ட் லைனுக்குப் பின்னால் உயரமான இடம் பிடியுங்கள். இரண்டு கார்னரும் ஒருவரையொருவர் பார்த்து அசைவது அங்கிருந்துதான் தெரியும். முதல் பத்து நிமிடம் ரெய்டரைப் பார்க்கவே பார்க்காதீர்கள். கண் வலிக்கும், பழக்கம் இழுக்கும். வலது கார்னரின் கால் விரல்களை மட்டும் பாருங்கள்; அவர் எப்போது பாயப்போகிறார் என்பது கையைவிட முந்தி அங்கேதான் தெரியும்.